முகப்பு விளக்கு எரியட்டும்: மின்சார காரை ஆனில் வைப்பதா, ஆஃப் செய்வதா?

இரவில் நின்றபடி வெளிச்சம் வேண்டும் என்றால் இரண்டு வழி.

செலவாகும் மின்சாரம்
ஆன்: காரை ஓட்டும் பெரிய பேட்டரி, விளக்குக்கு மின்சாரம் தரும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். எல்இடி ஜோடிக்கு 50 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு அரை யூனிட். 30 யூனிட் பேட்டரியில் இது சொற்பம். காரின் மற்ற மின்னணு அமைப்புகளும் கொஞ்சம் இழுக்கும். ஏசி போட்டால் கணக்கே வேறு.
ஆஃப்: பல கார்களில் அந்த 12 வோல்ட் பேட்டரி மட்டுமே துணை. அதில் இருப்பதே சுமார் அரை யூனிட், விடிவதற்குள் படுத்துவிடலாம்.

பேட்டரி ஆயுள்
ஆன்: கவலையில்லை.
ஆஃப்: 12 வோல்ட் பேட்டரி லெட்-ஆசிட் (ஈய-அமில) வகையாக இருந்து முழுதாக வடிந்தால் ஆயுள் குறையும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது!

பாதுகாப்பு
ஆன்: தவறுதலாகக் கார் நகரலாம், குழந்தைகளைத் தனியே விடக்கூடாது.
ஆஃப்: அந்தப் பயம் குறைவு, ஆனாலும் குழந்தைகளைத் தனியே விடக்கூடாது.

சில நிமிடங்களுக்கு ஆஃப் போதும். நீண்ட நேரமென்றால், ஆள் உள்ளே இருந்து ஆன்.