தூண்டில் தாங்கிக்கு பைப் வாங்கும்போது கவனம்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பழைய சாமான் கடைகளில் தூண்டில் கம்பைக் கரையில் ஊன்றி நிறுத்தும் தாங்கி செய்யப் பீவீசி (பிளாஸ்டிக்) பைப் துண்டு தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். வெயிலில் செத்துப்போன பைப்புக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

"தண்ணி லைனுக்குப் போட வச்சிருந்தது தம்பி, மிச்சம் விழுந்த புது பைப்பு. யானை ஏறினாலும் ஒடையாது" என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். ஒன்றரை அங்குல பைப். ரீல் (நூல் சுற்றும் உருளை) உட்கார மேல் வாயில் ஒரு வெட்டு, கீழே கான்கிரீட் கம்பியை வைத்து இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்கினால் தாங்கி ரெடி. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால் கரை வெறும் சேறு, அதனால் கம்பியை நீளமாகவே விட்டிருந்தேன். கம்பி அசையவில்லை. கெண்டை ஒன்று வெடுக்கென்று இழுத்ததும் பைப்தான் வெட்டு இருந்த இடத்திலிருந்து நெடுக்காகப் பிளந்தது. ராடும் (தூண்டில் கம்பும்) ரீலும் தண்ணீரோடு போய்விட்டன. என் தம்பி கொழும்பில் கடையில் நின்று அனுப்பிய காசில் வாங்கிய ரீல் அது.

உடைந்த துண்டைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. மேலே மெல்லிய பெயின்ட் தோல், அதற்குக் கீழே மஞ்சள் பூத்த வெள்ளை. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டியது. விளிம்பு ரஸ்க் மாதிரிப் பொரிந்து விழுந்தது. வருசக்கணக்கில் வெயில் பட்டால் பீவீசியின் வெளிப்பக்கம் இப்படித்தான் இறுகிவிடும். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது, திடீரென்று ஓர் இழுப்பு வந்தால் தாங்காது. மலையில் பனிமூட்டம்தானே என்று நினைக்காதீர்கள், இங்கே அடிக்கிற வெயிலும் அதே வேலையைத்தான் செய்யும்.

துண்டோடு கடைக்குப் போனேன். "வெட்டின சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு துண்டு தரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அதைவிடக் கோபம், வாங்கும்போது அவர் சொல்லிக்கொடுத்த வேலை: பைப்பின் வாயை விரிக்க அடுப்பு நெருப்பில் காட்டச் சொன்னார். யாரும் செய்யாதீர்கள். பீவீசி கருகினால் வரும் புகையில் அமில வாயு இருக்கிறது, தொண்டையும் நெஞ்சும் எரியும். லயத்துக் குசினியில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள்.

நல்ல பைப்பில் நெடுக அளவும் அழுத்த வகையும் அச்சடித்திருக்கும். பெயின்ட்டில் அந்த எழுத்து மறைந்திருந்தால் தொடவே வேண்டாம். கத்தியால் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். நல்லது சுருள் சுருளாக வரும், செத்தது தூளாக உதிரும். சீவ விடாத கடையில் வாங்காதீர்கள். வெட்டு முடிகிற மூலையில் ட்ரில்லால் வட்ட ஓட்டை போட்டால் விரிசல் அங்கிருந்து லேசில் கிளம்பாது. ராடின் அடியையும் கம்பியையும் ஒரு நைலோன் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

அந்தக் கடை வாசலில் அதே சாம்பல் பைப் இன்னும் ஒரு கட்டு சாய்த்து வைத்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தண்ணீருக்குக் கொண்டுபோகுமுன் இன்றைக்கே சீவிப் பாருங்கள்.