மதுரை–பாக்டோக்ரா "மூன்று மணி நேரம்": தாளைக் காட்டி விற்கப்பட்ட பயணம்

கடந்த டிசம்பரில் எழுபது வயதைக் கடந்த பெற்றோரையும் மனைவியையும் சிக்கிமின் தலைநகர் காங்டோக்குக்கு அழைத்துச் செல்ல எண்ணி, மதுரையில் ஒரு பயண முகவரை அணுகினேன். அவர் நீட்டிய தாளில் மதுரையிலிருந்து, காங்டோக் மலைப்பாதைக்கு முன் இறங்க வேண்டிய மேற்கு வங்க விமான நிலையமான பாக்டோக்ரா வரை 2,160 கி.மீ., பறக்கும் நேரம் ஏறத்தாழ 3 மணி என்று அச்சிட்டிருந்தது. காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் மலைக்குப் போய்விடலாம் என்று அவர் உறுதியளித்ததால், முழுப் பணத்தையும் முன்பே கட்டினேன்.

அந்தத் தாளில் இருந்த எண் பொய்யானதன்று. இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடையே வானில் நேர்க்கோடு இழுத்தால் கிடைக்கும் தூரத்தை, ஜெட் விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்துப் பெற்ற கணக்கு அது. ஆனால் அந்தக் கோட்டில் பயணிகள் விமானம் எதுவும் பறப்பதில்லை என்பதை அவர் சொல்லவே இல்லை.

புறப்படுவதற்கு முந்தைய இரவில்தான் டிக்கெட்டுகள் வந்தன: மதுரை–சென்னை, சென்னை–கொல்கத்தா, கொல்கத்தா–பாக்டோக்ரா என மூன்று, மூன்றுக்கும் வெவ்வேறு பிஎன்ஆர் (முன்பதிவு எண்). இந்த வழியில் கூட்டினாலும் தூரம் ஏறத்தாழ 2,250 கி.மீ.தான், நேர்க்கோட்டைவிட நூறு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. நேரமோ காலை 7 மணி முதல் மாலை 3.15 வரை நீண்டது. தூரத்தைப் பார்த்து நேரத்தை ஊகிப்பவர் ஏமாறும் இடம் இதுவே.

மதுரையில் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானது. தனித்தனி பிஎன்ஆர் என்பதால் பெட்டிகளைச் சென்னையில் எடுத்து, வெளியே வந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். ஒரே பிஎன்ஆரில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதாக இருந்திருக்கும். எங்களையோ "நோ ஷோ", அதாவது வராத பயணிகள், என்று பதிவு செய்தார்கள். புதிய டிக்கெட்டுகளுக்கு 38,400 ரூபாய் கொடுத்துக் கொல்கத்தா சேர்ந்தோம். அன்றிரவு முழுவதும் என் தாயார் விமான நிலைய நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். அந்தக் காட்சியை என்னால் மறக்க இயலவில்லை.

மறுநாள் பாக்டோக்ராவில் மூடுபனி. நண்பகலுக்குப் பிறகே இறங்கினோம். அங்கிருந்து காங்டோக் சுமார் 125 கி.மீ.; தீஸ்தா ஆற்றை ஒட்டிய மலைப்பாதையில் நான்கைந்து மணி நேரமாகும். அந்தப் பகுதியில் டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், பாதி வழியை இருட்டிலேயே கடந்தோம்.

முகவரைக் கேட்டபோது, தாமதத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்றார். தாமதத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மூன்று துண்டுகளை ஒரே பயணமாக விற்றதைப் பற்றித்தான் கேட்டேன். பணம் கட்டும் முன், எல்லாம் ஒரே பிஎன்ஆரா, பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏறாமல் போன டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. எழுதிக் கேட்ட பிறகே அத்தொகை எங்களுக்கு வந்தது. மீதிப் பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துள்ளேன். "3 மணி" என்று அச்சிட்ட அந்தத் தாளையும் புகாருடன் இணைத்திருக்கிறேன்.