மைக்ரோஸ்கோபிக் கோலைடிஸுடன் நான்கு ஆண்டுகள்: புரோபயாட்டிக், தயிர், ஒரு குறிப்பேடு

எனக்கு மைக்ரோஸ்கோபிக் கோலைடிஸ், அதாவது நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் பெருங்குடல் அழற்சி, இருப்பது தெரியவந்து நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அதற்கு முன் ஏறத்தாழ ஏழு மாதங்கள், நாளொன்றுக்கு எட்டிலிருந்து பத்து முறை தண்ணீராகவே போய்க்கொண்டிருந்தது. இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் விடியற்காலை இரண்டரை மணிக்கு வயிறு தவறாமல் எழுப்பிவிடும். கொலனோஸ்கோபி செய்த மருத்துவர், "குடல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறதம்மா, ஆனாலும் பல இடங்களில் சதை எடுத்து அனுப்பியிருக்கிறேன்" என்றார். அந்தச் சதைத் துணுக்குகளில்தான் நோய் பிடிபட்டது. குடலின் உட்படலத்துக்கு அடியில் உள்ள கொலாஜன் பட்டை 10 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அது இந்நோயின் ஒரு வகையான கொலாஜனஸ் கோலைடிஸ். எனக்கு 18 இருந்தது. 1976-இல் சுவீடனைச் சேர்ந்த லின்ட்ஸ்ட்ரோம் முதன்முதலில் விவரித்த நோய் இது.

புரோபயாட்டிக் (உடலுக்கு நன்மை தருவதற்காகச் சாப்பிடும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) மீது எனக்கு நம்பிக்கை வந்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது. 1990-களில் சுவீடனில், இந்நோய் உள்ள சில பெண்களுக்கு அறுவை சிகிச்சை மூலம் மலம் பெருங்குடலுக்குள் செல்லாதபடி வெளியே திருப்பிவிட்டபோது அழற்சி அடங்கியது. பாதையை மீண்டும் இணைத்தபோது அழற்சியும் திரும்ப வந்தது. அப்படியானால் குடலுக்குள் ஓடும் ஏதோ ஒன்றுதான் அதைத் தூண்டுகிறது என்பது தெளிவு. அது பாக்டீரியாவாக இருந்தால், நல்ல பாக்டீரியாவைக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

எட்டு மாதங்கள் மூன்று வகைக் கேப்ஸ்யூல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டேன். முதலாவதில் பலனும் இல்லை, கெடுதலும் இல்லை. இரண்டாவதைச் சாப்பிட்ட பத்தே நாளில் வயிறு உப்பி, மாலையில் புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. அட்டையின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோதுதான், அதில் பாக்டீரியாவுடன் ஃபிரக்டோஒலிகோசாக்கரைடும் சேர்த்திருப்பது தெரிந்தது. அது பாக்டீரியாவுக்குத் தீனியாகும் நார்ச்சத்து; ஏற்கெனவே கலங்கியிருக்கும் குடலில் நொதித்து வாயுவைப் பெருக்கக்கூடியது. புரோபயாட்டிக் வாங்குகிறவர்கள் பாக்டீரியாவின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது ஈஸ்ட் வகை. அதிலும் மாற்றம் இல்லை.

என் அனுபவம் தனித்த ஒன்றல்ல. டென்மார்க்கில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், கொலாஜனஸ் கோலைடிஸ் உள்ள 29 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் லாக்டோபேசிலஸும் பிஃபிடோபாக்டீரியமும் கொடுத்தும், போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் இந்நோய்க்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை.

எனக்கு உண்மையில் உதவியவை வேறு. மூட்டுவலிக்காகப் பல ஆண்டுகள் எடுத்துவந்த டைக்ளோஃபெனாக்கையும், அதற்குத் துணையாகச் சாப்பிட்ட, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோலையும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். இரண்டுமே இந்நோயுடன் தொடர்புபடுத்தப்படும் மருந்துகள். பிறகு குடல் அழற்சியைத் தணிக்கும் பியூடெசோனைடு 9 மி.கி., எட்டு வாரம். இரண்டாம் வாரத்திலேயே இரவு முழுவதும் தூங்கினேன். ஆனால் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவது வழக்கம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எனக்கு மூன்றாம் மாதம் திரும்பியது.

உணவுக்கு வருகிறேன், நான் மிகுதியாகக் கற்றுக்கொண்டது இங்கேதான். கணக்கு நோட்டு ஒன்றில் இடப்பக்கம் சாப்பிட்டது, வலப்பக்கம் எத்தனை முறை போனது, அதில் எத்தனை தண்ணீராக என்று ஓராண்டு எழுதினேன். வாரச் சராசரியில் நாளுக்கு மூன்று முறைக்குக் குறைவாகவும், தண்ணீராக ஒரு முறைக்குக் குறைவாகவும் இருந்தால் நோய் அடங்கியிருப்பதாக மருத்துவர்கள் கொள்வதால் அதே அளவுகோலை வைத்துக்கொண்டேன். பால் கலந்த காபி குடித்த நாளெல்லாம் எண்ணிக்கை கூடியது. வாயில் போட்டுக்கொள்ளும் சர்க்கரையில்லா மிட்டாயில் உள்ள சார்பிட்டாலும் அப்படியே. குழையவிட்ட பச்சரிசிச் சாதம், பாசிப்பருப்பு, பீர்க்கங்காய், தோல் சீவிய சுரைக்காய் ஆகியவை ஒரு நாளும் தொல்லை தரவில்லை. கோதுமையை விட்டுவிடச் சொல்லிப் பலரும் வற்புறுத்தினார்கள். சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இரத்தப் பரிசோதனை சரியாக இருந்ததாலும், நோட்டில் சப்பாத்தி நாளுக்கும் மற்ற நாளுக்கும் வேறுபாடு தெரியாததாலும் நான் விடவில்லை.

இட்லியைப் புரோபயாட்டிக் என்று சொல்வது சரியல்ல. மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா ஆவியில் வெந்து மடிந்துவிடும். இட்லி எளிதில் செரிப்பது வேறு விஷயம். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் வீட்டில் உறை ஊற்றிய தயிரிலும், பழையசோற்று நீரிலும் இருக்கிறது. நோய் சீறும் நாட்களில் இரண்டையும் தொடமாட்டேன். அடங்கிய மாதங்களில், நன்கு புளித்த தயிரில் கடைந்த மோர் அரை டம்ளர் மதியம் ஒத்துக்கொள்கிறது; புளிக்கப் புளிக்கப் பாலின் லாக்டோஸ் குறைவதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். நோயைக் குணப்படுத்தும் என்று எண்ணி நான் அதைக் குடிப்பதில்லை. மோர் இல்லாமல் என் சாப்பாடு முடிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது பியூடெசோனைடு 3 மி.கி.யில் நிற்கிறேன். ஸ்டீராய்டு வகை மருந்து என்பதால் கால்சியமும் வைட்டமின் டியும் தொடர்கின்றன. அடுத்த மாதம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. சென்ற வாரச் சராசரி, நாளுக்கு இரண்டு.