மூன்று ஆண்டு ஆஃப்ரிகான்ஸ்: மகளோடு நானும் படித்த கதை

கேப்டவுனுக்குக் குடிவந்தபோது மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் இரண்டாம் மொழி ஆஃப்ரிகான்ஸ். வீட்டில் யாருக்கும் ஒரு சொல் தெரியாது. ஒரு படஅட்டைப் பெட்டி, ஒரு கைப்பேசிச் செயலி, பக்கத்து நூலகத்தின் குழந்தைப் புத்தகங்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாக இருவரும் படிக்கிறோம்.

இலக்கணம் பயமுறுத்தவில்லை. எக் இஸ், யெய் இஸ், ஒன்ஸ் இஸ்: நான், நீ, நாங்கள், யாராயிருந்தாலும் வினை மாறாது. இடறியது இரட்டை எதிர்மறை. 'எக் இயெட் நி ஃப்லெய்ஸ் நி' என்றால் நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. கடைசி 'நி'யை ஓராண்டு விழுங்கிக்கொண்டே இருந்தாள். தொண்டையில் உரசும் 'ஜி' எழுத்துக்கு நம் ஆய்தம் கைகொடுத்தது. எஃகு, அஃது என்று சொல்லச் சொன்னேன், வந்துவிட்டது.

அவளுக்குப் பிடித்தது உறவுமுறை. ஊரில் யாரானாலும் பெரியவர்கள் ஊம், டானி, அதாவது மாமா, அத்தை. அவர்களை 'யெய்' என்று அழைப்பது மரியாதை இல்லை. 'கான் டானி மெய் ஹெல்ப்?' என்று கேட்க வேண்டும். 'அத்தை எனக்கு உதவ முடியுமா?' என்று அத்தையிடமே கேட்கும் அதே நயம்! இதை எந்த அட்டையும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு டானிதான் கற்றுக்கொடுத்தார்.

செயலியை நான்காம் மாதம் அழித்துவிட்டேன். நட்சத்திரம் சேர்ந்தது, வாக்கியம் சேரவில்லை. படஅட்டைகள் நன்றாக உழைத்தன. ஆனால் அதோடு வந்த வரலாற்றுக் கையேட்டில் 1652-இல் டச்சுக் கப்பல் வருகிறது, அடுத்த பக்கத்தில் டச்சு வழிவந்த விவசாயிகளின் மாட்டுவண்டிகள் உள்நாட்டுக்குக் கிளம்புகின்றன. அடிமைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனவே, 1679-இல் கட்டப்பட்ட அடிமைகள் விடுதிக்கு அவளைக் கூட்டிப்போனேன். இப்போது அது அருங்காட்சியகம். இந்தோனேசியா, இந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா என்று எங்கிருந்தெல்லாமோ இழுத்துவரப்பட்டவர்களின் வாயிலும் அடுப்படியிலும் டச்சு மொழி மாறி உருவான மொழி இது. 'நிறைய' என்பதற்கான 'பாய்யெ', வாழைப்பழமான 'பியெசாங்' இரண்டும் மலாய்ச் சொற்கள். படுக்கும் 'காட்டெல்' நம் கட்டில்தான், கடல்வழியாக வந்து சேர்ந்தது. கேப்டவுன் பகுதி முஸ்லிம்கள் ஆஃப்ரிகான்ஸை அரபு எழுத்தில் எழுதினார்கள். இங்கே வந்து கற்பித்த ஒட்டோமான் மார்க்க அறிஞர் அபூபக்கர் எஃபெந்தியின் நூல் அப்படித்தான் 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சானது. அன்று இரவு மகள் தன் 'காட்டெலில்' படுத்துக்கொண்டு சிரித்தாள்.

கடினமான பகுதி ஜூன் 16. ஏன் விடுமுறை என்று கேட்டாள். கேப்டவுனுக்குப் பக்கத்து ஊரான பார்லில் மலைமேல் இந்த மொழிக்கு நினைவுச்சின்னம் திறந்தது 1975 அக்டோபரில். எட்டே மாதத்தில், 1976 ஜூன் 16 அன்று, கணக்கையும் சமூக அறிவியலையும் ஆஃப்ரிகான்ஸில்தான் படிக்க வேண்டும் என்ற வெள்ளையர் அரசின் ஆணையை எதிர்த்து, ஜொகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவின் கறுப்பின மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. எட்டு வயதுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று தயங்கி, முக்கால்வாசி சொன்னேன். "அப்படியென்றால் நான் ஏன் படிக்க வேண்டும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. டானியிடம் கேட்கச் சொன்னேன். அவர் வெள்ளையர் அல்லர். இதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர். "இது என் அம்மா பேசிய மொழி, வெள்ளையருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?" என்றாராம்.

இன்று மகள் சிறு கதைகளைத் தானே வாசிக்கிறாள். எழுத்து இன்னும் தகராறு. படஅட்டைப் பெட்டியைக் கேட்ட ஒருவருக்குக் கொடுக்கப்போகிறேன், கையேட்டை எடுத்துவிட்டு.