கறுப்பு ஃபோமா, வெள்ளை ஃபோமா? வேக் டிரெஸ்ஸிங் பஞ்சுகள் ஒரு மதிப்பீடு

புண்ணைக் காற்றுப் புகாமல் மூடி, மெஷினால் உறிஞ்சி இழுத்து ஆறவைக்கும் முறைதான் 'வேக்'. அதற்கான கிரானுஃபோம் பெட்டியைப் பிரித்தால் கையில் வருவது 3.3 செ.மீ. தடிமனுள்ள ஒரு கறுப்புப் பஞ்சுப் பாளம். பார்த்தவுடன் சோபாவுக்குள் அடைக்கும் ஃபோம் என்றே தோன்றும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காய்ந்த பீர்க்கங்கூட்டைப் போல, சவ்வெல்லாம் போய் நார் மட்டும் நிற்கிற வலை அது. ஒவ்வொரு கண்ணும் 400 முதல் 600 மைக்ரான் அகலம். எல்லாக் கண்களும் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும். இழுவையைப் புண்ணின் மூலைமுடுக்கெல்லாம் சமமாகக் கொண்டுபோவது இந்த அமைப்புதான். பாலியூரித்தேன் தண்ணீரை ஒட்டவிடாத பொருள் என்பதால் கசியும் நீர் பஞ்சில் ஊறித் தேங்காமல் குழாய்க்கு ஓடிவிடுகிறது.

வேக் போடும் இடங்களில் பேச்செல்லாம் மெஷினைச் சுற்றியே இருக்கும். ஆனால் புண்ணைத் தொட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் கிடப்பது பஞ்சு. நல்லது கெட்டது இரண்டும் அங்கேதான் நடக்கிறது.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் 125 மி.மீ. மெர்க்குரி என்ற இழுவை அளவுக்கு ஒரு மூலம் உண்டு. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மோரிக்வாஸும் லூயிஸ் அர்ஜென்டாவும் பன்றிகளிடம் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு அது. 125-இல் புண்ணைச் சுற்றிய ரத்த ஓட்டம் சுமார் 4 மடங்கு ஏறியது. 400-ஐத் தாண்டியபோது குறைந்தது. கூடுதலாக இழுத்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அந்தத் தொழில்நுட்பத்தை விற்ற கேசிஐ நிறுவனத்தை 2019-இல் 3எம் வாங்கியது. 2024-இல் 3எம்மின் மருத்துவப் பிரிவு சொல்வென்டம் என்ற தனிக் கம்பெனியானது. ஆகவே பழைய இருப்பு, புதிய இருப்பு என்று பெட்டியில் மூன்று பெயர்களில் எது இருந்தாலும் குழம்ப வேண்டாம். காலாவதித் தேதியையும் அளவையும் பாருங்கள்.

வழக்கமான அளவு மூன்று. சிறியது 10 × 7.5 செ.மீ., நடுத்தரம் 18 × 12.5, பெரியது 26 × 15. தடிமன் இந்த மூன்றுக்கும் 3.3 தான். புண்ணை விட ஒரு அளவு பெரிதாக வாங்கி மிச்சத்தை அடுத்த கட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எடுபடாது. உறை பிரிந்தால் ஸ்டெரிலிட்டி போயிற்று; மிச்சம் குப்பைக்குத்தான்.

இனி வெட்டுவது. பஞ்சைப் புண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு கத்தரிப்பதுதான் அடிக்கடி காணும் தவறு. கத்தரி படும் இடத்தில் நார்கள் அறுந்து மிளகுத்தூள் அளவில் கறுப்புத் துணுக்குகள் உதிரும். சிவந்த சதையில் விழுந்த துணுக்கு உடனே ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கும் லேசில் படாது. தனி ஸ்டெரைல் துணியின் மேல், புண்ணுக்கு அப்பால் வைத்து வெட்டுங்கள். வெட்டிய ஓரங்களைக் கையுறை விரலால் இரண்டு மூன்று முறை நன்றாகத் தேய்த்து, தட்டி, உதிர்வது எல்லாம் உதிர்ந்த பிறகு புண்ணுக்குக் கொண்டுபோங்கள். சுருள் வடிவில் முன்பே கீறல் போட்டு வரும் சிம்ப்ளேஸ் வகையில் கத்தரி வேலை குறைவு. கிழித்த ஓரத்தைத் தேய்க்கும் வேலை அதற்கும் உண்டு.

பஞ்சு புண்ணுக்குள் மெதுவாக உட்கார வேண்டும். இடித்துத் திணித்தால் கண்கள் நசுங்கி இழுவை அடி வரை போகாது. உள்சதையிலும் அழுத்தம் கூடும். ஓரத்தில் நல்ல தோலின் மேல் அரை செ.மீ. ஏறி உட்கார்ந்தாலும் போதும், அடுத்த கட்டைப் பிரிக்கும்போது அந்த இடம் வெளுத்து, ஊறி, உரிந்திருக்கும். அடி தெரியாத குழிக்குள்ளோ ஆராயாத புழைக்குள்ளோ கறுப்புப் பஞ்சை நுழைக்கவே கூடாது. ஒரே துண்டாக வைக்க முடிந்தால் அதுதான் மேல். பல துண்டு தேவைப்பட்டால் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாத துண்டுக்கு இழுவை கிடைக்காது.

எத்தனை துண்டு வைத்தோம் என்பதை டிரேப்பின் (பஞ்சை மூடி ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) மேல் மார்க்கரால் எழுதுங்கள், கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். பெட்டியிலேயே அதற்கு ஒரு ஸ்டிக்கர் வருகிறது. பல இடங்களில் அது ஒட்டப்படாமல் குப்பைக் கூடைக்குப் போகிறது. இன்று கட்டியவரே நாளை மறுநாள் பிரிப்பார் என்று நிச்சயம் இல்லை. இந்தப் பஞ்சு உடம்பில் கரையாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. மேலே சதை மூடிய பிறகு உள்ளே தங்கிய துண்டைக் கண்டுபிடிக்க, ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும் ஒரு துளைதான் அடையாளம்.

டிரேப் ஒட்டுவதற்கு முன் சுற்றுத் தோல் முடி நீக்கி, எண்ணெய்ப் பசையில்லாமல், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பஞ்சைத் தாண்டி 3 முதல் 5 செ.மீ. நல்ல தோலில் டிரேப் படிய வேண்டும். இழுத்து ஒட்டாதீர்கள், இழுவிசையில் தோல் கொப்பளிக்கும். பிறகு நடுவில் 2.5 செ.மீ. வட்டமாக டிரேப்பை மட்டும் வெட்டி எடுத்து, அதன் மேல் குழாய் பேடை (மெஷினுக்குப் போகும் குழாய் பொருத்திய ஒட்டுத் தகடு) வையுங்கள். கத்தியால் வெறும் கீறல் போடுவது போதாது. கீறல் மறுபடி ஒட்டிக்கொண்டு அடைப்பு அலாரம் அடிக்கும்.

மெஷினை ஓடவிட்டதும் பஞ்சு உலர்ந்த திராட்சை போலச் சுருங்கி, தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது. காதைக் கிட்டே கொண்டுபோனால் 'ஸ்ஸ்' சத்தம் வரும் இடம் கேட்கும். ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனால் சத்தம் நிற்கும் இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் டிரேப் மடிந்த சுருக்கத்தில், பேடின் விளிம்பில், புட்டப் பிளவில், விரலிடுக்கில்தான் இருக்கும். பிளவுகளில் ஸ்டோமா பேஸ்ட்டோ ஹைட்ரோகொல்லாய்டு பட்டையோ வைத்துச் சமப்படுத்திய பிறகு டிரேப் ஒட்டினால் நிற்கும். டிரேப்பின் மேல் டிரேப்பாக நான்கு அடுக்கு ஒட்டிக்கொண்டே போவதால் தோல் மூச்சு முட்டுமே தவிரக் கசிவு நிற்பதில்லை.

படுக்கைப் புண்ணிலும் குதிகால் புண்ணிலும் பேடை நேராகப் புண்ணின் மேல் வைத்தால் நோயாளி அந்தப் பிளாஸ்டிக்கின் மேலேயே படுக்க நேரும். புதிதாக ஒரு அழுத்தப் புண் வந்து சேரும். இதற்குப் பாலம் போடுவது அவசியம். நல்ல தோலின் மேல் முதலில் டிரேப் பட்டை ஒட்டி, அதன் மேல் பஞ்சுப் பட்டை ஒன்றை இடுப்புப் பக்கமோ காலின் மேற்புறமோ கொண்டுவந்து, அங்கே பேடை வையுங்கள். கீழே டிரேப் இல்லாமல் பஞ்சுப் பாலத்தை வெறும் தோலில் போட்டால் அந்தப் பட்டையின் அகலத்துக்குத் தோல் புண்ணாகும்.

இந்தப் பஞ்சின் மேல் வரும் பெரிய குற்றச்சாட்டு, பிரிக்கும்போது வலிக்கிறது, ரத்தம் கசிகிறது என்பது. குற்றச்சாட்டு உண்மை. சதையை வளரத் தூண்டும் அதே பெரிய கண்களுக்குள் புதுச்சதையும் நுழைந்து வளர்கிறது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள், வாரத்துக்கு 3 முறைக்குக் குறையாமல் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஞாயிறு வருகிறது, செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று நான்காம் ஐந்தாம் நாளுக்குத் தள்ளினால், பஞ்சைப் பிய்க்கும்போது நல்ல சதையும் சேர்ந்து வரும். கிருமித் தொற்று உள்ள புண்ணுக்கு 72 மணி நேரமே அதிகம். அங்கே இன்னும் அடிக்கடி, சில சமயம் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு முறைகூட மாற்ற வேண்டிவரும்.

வலியைக் குறைக்க வழி உண்டு. மாத்திரையோ ஊசியோ வேலை செய்ய நேரம் கொடுத்து முன்பே போட்டுவிடுங்கள். மெஷினை நிறுத்தி, குழாய் வழியாக 10 முதல் 30 மி.லி. நார்மல் சலைன் பஞ்சுக்குள் விட்டு, கிளாம்ப் போட்டு 15 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். டிரேப்பை மேல்நோக்கி உரிக்காமல் தோலுக்கு இணையாக நீட்டி நீட்டி விடுவியுங்கள். அப்படியும் ஒட்டினால் அடுத்த கட்டில் பஞ்சுக்குக் கீழே பெரிய கண்ணுள்ள ஒட்டாத வலை ஒரு அடுக்கு வையுங்கள். பாரஃபின் காஸை இரண்டு மூன்றாக மடித்து வைத்துவிட்டு இழுவை சரியில்லை என்று பஞ்சைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அலாரத்தாலோ மின்சாரம் இல்லாமலோ மெஷின் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் பஞ்சை உள்ளே விடாதீர்கள். எடுத்துவிட்டு ஈரக் காஸ் கட்டு போடுங்கள். இழுவையில்லாத பஞ்சு கிருமிக்குக் கூடாகிவிடும்.

வெள்ளை ஃபோம் வேறு சாதி. பாலிவினைல் ஆல்கஹாலால் ஆனது, கண்கள் 60 முதல் 270 மைக்ரான், தண்ணீரை ஏற்கும், உறைக்குள்ளேயே ஸ்டெரைல் தண்ணீரில் நனைந்து வரும். இழுத்தாலும் அறுந்து உதிராது, சதையும் சுலபத்தில் நுழையாது. அடி தெரிந்த புழைகளுக்கும், தோலுக்கடியில் போகும் பள்ளங்களுக்கும், வலி தாங்காத புண்களுக்கும் இதுவே சரி. புழையில் வைக்கும்போது கடைசி முனையில் 1 முதல் 2 செ.மீ. காலியாக விட்டு, வெளிமுனை பிரதானப் பஞ்சைத் தொடும்படி நீட்டி வையுங்கள். புழை உள்ளிருந்து மூடிக்கொண்டே வர இடம் கிடைக்கும். அடர்த்தி அதிகமான பஞ்சு என்பதால் 125-க்குக் குறையாமல், தேவையானால் 175 வரை வைக்க வேண்டும். சதை ஏறும் வேகம் கறுப்பைவிடக் குறைவு. பள்ளமான பெரிய புண்ணுக்கு வெள்ளையை மட்டும் போட்டுவிட்டு முன்னேற்றம் இல்லையே என்று வருந்துவது தேர்வின் பிழை.

வெள்ளி கலந்த கறுப்புப் பஞ்சு தொற்றுக் கிருமிகளைக் கட்டுப்படுத்தத் துணை செய்யும். ஆன்டிபயாடிக்கையும் செத்த சதையை நீக்கும் டிபிரைட்மென்ட்டையும் தள்ளிப்போட அது காரணம் ஆகாது. மருந்து நீரை உள்ளே விட்டு ஊறவைத்து இழுக்கும் வெராஃப்லோ முறைக்குத் தனிப் பஞ்சு உண்டு. அதில் 1 செ.மீ. துளைகள் கொண்ட கிளென்ஸ் சாய்ஸ், முழுமையாகச் சுரண்ட முடியாத வழவழப்பான ஸ்லஃபை (புண்ணில் படிந்த செத்த திசு) தளர்த்திக் கொடுப்பதில் உண்மையிலேயே பயன்படுகிறது. சாதாரண கிரானுஃபோமை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். தண்ணீரை ஒட்டவிடாத பஞ்சில் மருந்து நீர் சீராகப் பரவாது.

மெத்தைக் கடை ஃபோமை ஆட்டோகிளேவ் செய்து, ரைல்ஸ் டியூபை (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் குழாய்) செருகி, சுவர் சக்ஷனில் மாட்டும் வழக்கம் நம் ஊர் மருத்துவமனைகளில் இருக்கிறது. மாற்று இல்லாத இடத்தில் சர்க்கரைப் புண் கால்களைக் காப்பாற்றியும் இருக்கிறது என்பதால் அதை இகழ மனம் வராது. ஆனால் இரண்டு குறைகளைத் தெரிந்தே செய்ய வேண்டும். கண் அளவு தெரியாத பஞ்சில் பாதி இடத்துக்கு இழுவை போகாமல் நீர் தேங்கலாம். சுவர் சக்ஷனில் ரெகுலேட்டர் இல்லையென்றால் அழுத்தம் எங்கே போகிறது என்று தெரியாது. ரத்தம் பாய்ந்தாலும் அலாரம் அடிக்காது. ரெகுலேட்டரும், மணிக்கொரு முறை பாட்டிலைப் பார்க்க ஆளும் இல்லாத வார்டில் இதைச் செய்யக் கூடாது.

ரத்தம் என்ற சொல்லைக் கடந்து போக முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இலும் 2011-இலும் இந்தச் சிகிச்சை குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குள் அதனிடம் வந்திருந்த புகார்களில் 12 மரணங்கள் இருந்தன. ரத்தப்போக்கே மிகக் கடுமையான சிக்கல் என்று அது சொன்னது. வெளியே தெரியும் ரத்தக் குழாய், நரம்பு, உறுப்பு, தையல் இணைப்பு ஆகியவற்றின் மேல் நேரடியாகப் பஞ்சு வைக்கக் கூடாது. புற்றுநோய் உள்ள புண், கறுத்துக் காய்ந்த செத்த சதை, சிகிச்சை தொடங்காத எலும்புத் தொற்று ஆகியவற்றுக்கும் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். குழாயில் பளிச்சென்ற சிவப்பு தெரிந்தால் மெஷினை நிறுத்துங்கள், கட்டைப் பிரிக்காமல் மேலே அழுத்திப் பிடியுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காசுக்குத் தகுமா? வாரம் 3 மாற்றம் என்றால் மாதத்துக்கு 12, 13 பெட்டி, கசிவு நீர் சேரும் கேனிஸ்டர் தனி. விரல்களோ பாதத்தின் ஒரு பகுதியோ எடுத்த சர்க்கரைப் பாதப் புண்களில் 162 பேரை வைத்து 2005-இல் வந்த ஆய்வில், 16 வாரத்தில் வேக் போட்டவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் சாதாரணக் கட்டில் 39 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. செலவை ஏற்றது தயாரிப்பு நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மறுபக்கம், காலில் எலும்பு முறிந்து வெளியே தெரிந்த 460 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நடமாட்டத்தில் வேக் எந்த மேன்மையும் காட்டவில்லை. ஆகவே சுத்தம் செய்த ஆழமான பாதப் புண்ணுக்குக் கறுப்பு கிரானுஃபோமைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆழமில்லாத, சதை ஏற்கெனவே விளிம்பு மட்டத்துக்கு வந்துவிட்ட புண்ணுக்கு அடுத்த பெட்டியை வாங்காதீர்கள். அங்கே தோல் ஒட்டு வைக்கலாமா என்று பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது.