அன்னதானக் கணக்கு எழுத வந்த பி.காம். மாணவர்கள்

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையிருப்போருக்கு மதிய உணவு தரும் சிறிய அறக்கட்டளையின் பொருளாளர் நான். நகரத்துக் கல்லூரி ஒன்று, சனிக்கிழமைகளில் பி.காம். மாணவர்களை எங்களைப் போன்றோரிடம் கட்டணமின்றிக் கணக்கு எழுத அனுப்புகிறது. மற்ற அமைப்புகளும் அவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம் என்பது என் அனுபவம்.

வந்ததும் அவர்களைக் கணினி முன் உட்கார விடுவதில்லை அவர்களுடைய ஆசிரியை. முதலில் பரிமாற வேண்டும், அண்டா கழுவ வேண்டும், கீழமாரட் வீதிக்குப் போய்ச் சரக்கு வாங்கிப் பில்லோடு திரும்ப வேண்டும். பேரேடு அதற்கப்புறம்தான். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வரிசைதான். எந்த அரிசி எந்தப் பந்திக்குப் போனது என்று கண்ணால் பார்த்த பிள்ளை எழுதும் கணக்கில் பொய் இருக்காது.

ஒருநாள் வியாபாரி ஒருவர் பொன்னி அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெறுவதற்கான 80ஜி ரசீது கேட்டார். "அண்ணாச்சி, பொருளாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது. ரொக்கம் என்றாலும் 2,000 ரூபாய் வரைதான். செக்காகத் தந்தால் முறையாக ரசீது தரலாம்" என்றாள் ஒரு மாணவி. "சரி தாயி, அடுத்த தடவை செக்" என்றார் அவர். அவள் மூட்டைகளை எடை போட்டு, அன்றைய சந்தை விலைக்கு நன்கொடை வரவாக எழுதி, இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றினாள்.

குறை ஒன்று உண்டு. நன்கொடையாளர் விவரங்களை ஆண்டுதோறும் மே 31-க்குள் வருமான வரித்துறைக்கு அளிக்க வேண்டும். 2021-22 நிதியாண்டு முதல் உள்ள நடைமுறை இது. ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை என்று மாணவர்கள் போய்விடுகிறார்கள். விடுமுறையிலும் இரண்டு பேரையாவது கல்லூரி அனுப்ப வேண்டும்.

ஆண்டு முடிவில் வகுப்பே பணம் சேர்த்து, தாங்கள் கணக்கெழுதிய அமைப்புகளில் ஒன்றுக்குக் கொடுக்கிறது. வரவு செலவைப் படித்து, விவாதித்து முடிவெடுப்பது மாணவர்கள்தான். இம்முறை எங்களுக்குத் தரவில்லை. எங்களிடம் சில மாதச் செலவுக்குக் கையிருப்பு இருந்தது. ஒரு முதியோர் இல்லத்துக்கு அடுத்த மாத வாடகைக்கே வழியில்லை. சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

கூப்பிட நினைப்பவர்கள் வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். தணிக்கை என்பது ஆடிட்டரின் வேலை. அதை இவர்களிடம் கேட்காதீர்கள்.