டர்போ போச்சு: புதுசா, காட்ரிட்ஜ் மட்டுமா?

பர்மாவில், பெகு ரோட்டில் என் டீசல் பிக்கப் விசிலடித்து, நீலப் புகை கக்கி, இழுவையில்லாமல் நின்றது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ போச்சு. புது டர்போ போடு என்றார் அண்ணன். பழைய கூட்டில் காட்ரிட்ஜ் (தண்டு, பிளேடு, பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றினால் போதும் என்றார் மெக்கானிக்.

செலவு: புதுசு கையைக் கடிக்கும். காட்ரிட்ஜ் கணிசமாகக் குறைவு.

உழைப்பு: புதுசில் கவலை குறைவு. காட்ரிட்ஜும் ஓடும், பாலன்ஸ் பார்த்ததாக இருந்தால். தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைத் தாண்டும். துளி எடை பிசகினாலும் பேரிங் தாங்காது.

வேலை: புதுசை மாட்டினால் முடிந்தது. காட்ரிட்ஜுக்குக் கூட்டைப் பிரிக்கணும். உள்சுவரை விரலால் தடவுங்கள். பிளேடு உரசிய கோடு தட்டுப்பட்டால் கூடு ஆகாது.

எதைப் போட்டாலும், முதலில் போனதற்குக் காரணம் பாருங்கள். என் வண்டியில் டர்போவுக்கு ஆயில் வரும் குழாயின் போல்ட் ஓட்டை கரியால் அடைத்திருந்தது, ஊசி நுழையவில்லை! குழாய், ஆயில், ஃபில்டர் மூன்றையும் மாற்றினோம். டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இண்டர்கூலரைக் கவிழ்த்தால் ஒரு டம்ளர் ஆயில். அதைக் கழுவாமல் விட்டால் எஞ்சின் அதையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடக்கூடும். பிளேடு உடைந்திருந்தால் துண்டுகளை அங்கேயும் தேடணும். ஸ்டார்ட் செய்யுமுன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஊற்றி, டீசலை நிறுத்தி, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிடுங்கள்.

தினம் லோடு ஏற்றி மோல்மீன் போகிறவர் புதுசே போடட்டும். ரங்கூனுக்குள் ஓட்டுபவருக்கு, கூடு நல்லாயிருந்தால், காட்ரிட்ஜ் போதும். நான் காட்ரிட்ஜ்தான் போட்டேன். அண்ணனுக்கு இன்னும் கோபம்.